17 வயதுப் பையனின் ஜெராக்ஸ் இதழ் போக்கிமான் ஆன கதை: 'கேம் ஃப்ரீக்' நமக்குச் சொல்வது என்ன?

காலேஜ் ஹாஸ்டலில் எமுலேட்டர் போட்டு 'போக்கிமான்' ஆடியவரா நீங்கள்? அப்படியென்றால் கேம் திறந்ததும் சில நொடிகள் வந்துபோகும் ஒரு பெயரை நூறு முறையாவது பார்த்திருப்பீர்கள். பார்த்திருப்பீர்களே தவிர, நின்று படித்திருக்க மாட்டீர்கள். பட்டனைத் தட்டித் தாண்டிப் போயிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான். அந்தப் பெயர் 'கேம் ஃப்ரீக்'.

இன்று அது டோக்கியோவில் இயங்கும் ஒரு கேம் நிறுவனம். ஆனால் 1983-ல் அது ஒரு பத்திரிகை. பத்திரிகை என்றுகூடப் பெரிதாகச் சொல்லிவிட முடியாது. கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்த கொஞ்சம் காகிதம். விலை 300 யென். ஆசிரியர், நிருபர், விநியோகஸ்தர் எல்லாமே 17 வயதுப் பையன் ஒருவன்தான்.

திருவனந்தபுரம் டெக்னோபார்க் வாசலில் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்போது போனில் கேம் ஆடுகிறவர்களை எண்ண முடியாது. அவர்களில் தமிழ்ப் பேச்சும் நிறையக் கேட்கும். 'போக்கிமான் ஒரு பத்திரிகையிலிருந்து வந்தது, தெரியுமா?' என்று கேட்டால், 'கார்ட்டூனிலிருந்துதானே வந்தது?' என்று திருப்பிக் கேட்பார்கள். கார்ட்டூனுக்கு முன்னால் கேம். கேமுக்கு முன்னால் கம்பெனி. கம்பெனிக்கு முன்னால் அந்த ஸ்டேப்ளர் அடித்த காகிதம். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

யார் அந்தப் பையன்?

பெயர் சதோஷி தஜிரி. 1965-ல் பிறந்தவர். டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தார். அப்போது அங்கே வயல், குளம், காடு எல்லாம் மிச்சம் இருந்தது. தஜிரிக்குப் பூச்சி பிடிப்பதுதான் பொழுதுபோக்கு. கூடப் படித்தவர்கள் வைத்த பட்டப்பெயரே 'டாக்டர் பூச்சி'.

நகரம் பெருகப் பெருக அந்த வயல்களும் குளங்களும் மூடப்பட்டன. அந்த இடங்களில் கட்டடங்கள் வந்தன, ஆர்கேட் எனப்படும் வீடியோ கேம் கூடங்களும் வந்தன. 1978-ல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஜப்பானையே ஆட்டிப்படைத்தது. பூச்சி பிடித்த பையன் இப்போது காசு போட்டு ஆடும் மெஷின் முன்னால் போய் நின்றான். ஸ்கூலுக்குக் கட் அடித்துவிட்டு ஆர்கேடிலேயே கிடந்ததால், மகன் உருப்பட மாட்டான் என்று வீட்டில் கவலைப்பட்டார்கள். அப்பா அவரை மின்சார நிறுவனத்தில் வேலைக்குச் சேர்த்துவிடப் பார்த்தார். நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கிறது, இல்லையா?

தஜிரி கல்லூரிப் படிப்புக்குப் பதிலாக இரண்டு ஆண்டுத் தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்தார். அதற்கு முன்பே அவர் தொடங்கிவிட்டிருந்த வேலை ஒன்று இருந்தது. அதுதான் 'கேம் ஃப்ரீக்' இதழ்.

இதழில் அப்படி என்ன இருந்தது?

முக்கியமாக ஒன்றுதான்: எப்படி ஜெயிப்பது.

1983-ல் ஒரு கேமில் மாட்டிக்கொண்டால் தேடிப் பார்க்க யூடியூப் கிடையாது. கேம்களை அலசுகிற பத்திரிகைகளும் ஜப்பானில் அப்போது அரிது. ஆர்கேடில் பக்கத்து மெஷினில் ஆடுகிறவரின் தோளுக்குப் பின்னால் நின்று கவனிப்பதுதான் ஒரே வழி. எந்த இடத்தில் எதிரி வருவான், எங்கே சுட்டால் மறைந்திருக்கும் போனஸ் கிடைக்கும், மேக்ஸிமம் ஸ்கோர் எவ்வளவு என்பதெல்லாம் வாய்வழியாகத்தான் பரவியது. தஜிரி அந்த வாய்வழித் தகவலைக் காகிதத்தில் ஏற்றினார். அவ்வளவுதான் அவர் செய்த புதுமை.

அந்தக் காலத்தில் நாம்கோ நிறுவனத்தின் 'செவியஸ்' என்ற கேம் இதற்கென்றே செய்தது மாதிரி இருந்தது. வானத்தில் பறந்துகொண்டே சுடும் கேம். ஆனால் திரையில் எதுவும் தெரியாத ஒரு இடத்தில் குண்டு போட்டால், தரையிலிருந்து ஒரு கோபுரம் எழும். அதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், நாமே கண்டுபிடிக்க வேண்டும். ரகசியம் இருக்கும் இடத்தில் வதந்தி இருக்கும். வதந்தி இருக்கும் இடத்தில், எது நிஜம் என்று சரிபார்த்துச் சொல்கிறவருக்கு மதிப்பு இருக்கும். செவியஸில் ஒரு கோடி புள்ளி எடுப்பது எப்படி என்று இந்த ரசிகர் வட்டத்திலிருந்து வந்த கையேடு 10,000 பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்லப்படுகிறது.

இதழ் விற்றது பெரிய புத்தகக் கடைகளில் அல்ல. ரசிகர்களே அச்சடித்த வெளியீடுகளை விற்கும் சின்னக் கடைகளில். ஜப்பானில் இதற்கு 'தோஜின்' என்று பெயர். ஒத்த ரசனை உள்ளவர்கள் சேர்ந்து தாங்களே போடும் வெளியீடு என்று பொருள் கொள்ளலாம். 1975-ல் தொடங்கிய 'காமிக் மார்க்கெட்' சந்தை இந்த வழக்கத்துக்குப் பெரிய மேடை ஆகிவிட்டிருந்தது.

அப்படி ஒரு கடையில் இந்த இதழை எடுத்துப் புரட்டிய இளைஞர் ஒருவர், 'எழுத்து நன்றாக இருக்கிறது, படம்தான் இல்லை' என்று நினைத்தாரோ என்னவோ, தானே வரைந்து தருகிறேன் என்று வந்து சேர்ந்தார். அவர் கென் சுகிமோரி. பிற்காலத்தில் முதல் 151 போக்கிமான்களுக்கும் அதிகாரபூர்வ உருவம் கொடுத்தவர்.

உலகின் மிகப் பெரிய பொழுதுபோக்கு வணிகங்களில் ஒன்றின் முதல் 'ஆள் எடுப்பு' இப்படித்தான் நடந்தது. விளம்பரம் இல்லை, இன்டர்வியூ இல்லை. வாசகர் ஒருவர் கடையில் இதழைப் பார்த்தார், வந்து சேர்ந்தார்.

ரசிகர்கள் இதழ் நடத்துவது புதிதா?

இல்லை. அதன் வேர் அறிவியல் புனைகதையில் இருக்கிறது. அமெரிக்காவில் 1926-ல் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழ் வாசகர் கடிதங்களை முகவரியோடு வெளியிட்டது. வாசகர்கள் ஆசிரியருக்கு எழுதுவதை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். அதிலிருந்து 1930-ல் 'தி காமெட்' என்ற ரசிகர் இதழ் பிறந்தது. 'ஃபேன்சைன்' என்ற சொல் 1940-ல் உருவானது.

1933-ல் ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் தங்கள் சொந்த ரசிகர் இதழில் 'சூப்பர்மேன்' என்ற பெயரில் ஒரு கதாபாத்திரத்தை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, வேறு வடிவத்தில், அது உலகம் அறிந்த சூப்பர்மேன் ஆனது. ரசிகர் இதழிலிருந்து உலகப் புகழ் என்ற பாதை தஜிரிக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே போடப்பட்டுவிட்டது.

வீடியோ கேம் பத்திரிகைத் துறையே இந்தப் பாதையில்தான் வந்தது. 1981-ல் அமெரிக்காவில் 'எலக்ட்ரானிக் கேம்ஸ்' இதழைத் தொடங்கிய ஆர்னி காட்ஸ், பில் குங்கல், ஜாய்ஸ் வொர்லி மூவருமே அறிவியல் புனைகதை ரசிகர் இதழ்களில் வளர்ந்தவர்கள். பிரிட்டனில் 1984-ல் லட்லோ என்ற சிற்றூரிலிருந்து வந்த 'க்ராஷ்' இதழ், உள்ளூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளையே விமர்சகர்களாக வைத்துக்கொண்டது. கேமைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தானே!

நமக்கும் இது அந்நியம் இல்லை. சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' தொடங்கி, தன் வெளியீடுகளைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றது தமிழ்ச் சிற்றிதழ் வரலாற்றில் எல்லோரும் அறிந்தது. கேரளத்தில் பள்ளிகளும் நூலகங்களும் நடத்திய கையெழுத்து மாசிகைகள் ஒரு தலைமுறைக்கே எழுத்துப் பயிற்சி கொடுத்தன. ஒரே ஒரு இன்லேண்ட் கடிதத்தாளில் முழு இதழையும் அச்சடித்துத் தபாலில் அனுப்பும் 'இன்லேண்ட் மாசிகை' என்ற வடிவமும் மலையாளத்தில் இருந்தது. கவிஞர் மணம்பூர் ராஜன் பாபு நடத்திய 'இன்னு' இதழ் அதற்குப் பேர்போன உதாரணம். காசு குறைவு, ஆசை அதிகம், வாசகர் வட்டம் சின்னது, ஆனால் கெட்டியானது. கேம் ஃப்ரீக் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

எழுதிக்கொண்டிருந்தவர்கள் கேம் செய்யத் தொடங்கியது எப்படி?

எரிச்சலில்!

ஆண்டுக்கணக்காக கேம்களை ஆடி, அலசி, எழுதியதில் தஜிரிக்கும் நண்பர்களுக்கும் ஒன்று புரிந்தது. சந்தைக்கு வருவதில் பெரும்பாலானவை சுமார் ரகம். 'இதைவிட நாமே நன்றாகச் செய்யலாமே' என்ற பேச்சு வந்தது. காபிக் கடையில் எல்லோரும் பேசுவதுதான் அது. இவர்கள் பேச்சோடு நிற்கவில்லை.

1983 ஜூலையில் நின்டெண்டோ தன் 'ஃபேமிகாம்' கருவியை வெளியிட்டிருந்தது. தஜிரி அதைப் பிரித்துப் போட்டு உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தார். ஃபேமிகாமில் நிரல் எழுதக் கற்றுக்கொடுத்த 'ஃபேமிலி பேசிக்' தொகுப்பை வைத்துக்கொண்டு படித்தார். 1986-ஓடு இதழ் நின்றுபோனது. இதழை நடத்திய கூட்டம் கலையவில்லை. ஜுனிச்சி மசுதா இசைக்கும் நிரலுக்கும் வந்து சேர்ந்தார்.

1989 ஏப்ரலில் 'கேம் ஃப்ரீக்' முறைப்படி நிறுவனமாகப் பதிவானது. பத்திரிகையின் பெயரையே கம்பெனிக்கும் வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜூனில் அவர்களின் முதல் கேமான 'குவின்டி'யை நாம்கோ வெளியிட்டது. எந்த நிறுவனத்தின் செவியஸை அலசி எழுதினார்களோ, அதே நிறுவனம் இவர்கள் செய்த கேமை விற்றது. விமர்சகனுக்கு இதைவிட நல்ல பதில் என்ன வேண்டும்?

சரி, போக்கிமான் எங்கே வருகிறது?

1989-ல் இன்னொன்றும் நடந்தது. நின்டெண்டோவின் 'கேம் பாய்' வந்தது. இரண்டு கேம் பாய்களை ஒரு கேபிளால் இணைக்கலாம். மற்றவர்கள் அந்தக் கேபிளைப் போட்டியிடும் வழியாகப் பார்த்தார்கள். தஜிரி அதில் ஒரு பூச்சி ஊர்ந்து போவதைக் கற்பனை செய்தார். என்னிடம் இருக்கும் பூச்சி உன்னிடம் வரும், உன்னிடம் இருப்பது என்னிடம் வரும்.

யோசனை சுலபம், செய்வது அவ்வளவு சுலபமாக இல்லை. கேம் முடிய ஆறு ஆண்டுகள் ஆயின. நடுவில் பணம் இல்லாமல் நிறுவனம் திண்டாடியது. ஊழியர்கள் சிலர் விலகினார்கள். தஜிரி சம்பளம் எடுத்துக்கொள்ளாமல் அப்பாவின் வருமானத்தில் காலம் தள்ளினார். பிழைப்பை ஓட்ட வேறு கேம்களும் செய்தார்கள். கடைசியில் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் 'ரெட்', 'கிரீன்' என்று இரண்டு பதிப்புகளாக வெளிவந்தது. ஒன்றில் இருக்கும் சில போக்கிமான்கள் இன்னொன்றில் இருக்காது. எல்லாவற்றையும் பிடிக்க வேண்டுமென்றால் இன்னொரு ஆளிடம் போய் மாற்றிக்கொண்டே ஆக வேண்டும்.

இங்கேதான் இதழின் சாயல் தெரிகிறது. கேம் ஃப்ரீக் இதழ் விற்றது எதை? ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குக் கொடுப்பதை. போக்கிமான் விற்றதும் அதையேதான். தனியாக உட்கார்ந்து முடிக்க முடியாத கேம் அது. பக்கத்து வீட்டுப் பையனிடம் பேசியே ஆக வேண்டும்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. அதிகாரபூர்வமாக 150 போக்கிமான்கள்தான். ஆனால் பணி முடியும் தறுவாயில், சோதனைக்கான நிரல்களை நீக்கியதில் கிடைத்த துளி இடத்தில், ஷிகெகி மொரிமோட்டோ என்ற நிரலாளர் 151-வதாக 'மியூ'வைச் சேர்த்துவிட்டார். சாதாரணமாக ஆடினால் கிடைக்காது. எப்படியோ சிலருக்குத் தட்டுப்பட்டது, வதந்தி கிளம்பியது. 'கோரோகோரோ காமிக்' என்ற சிறுவர் இதழ் 20 பேருக்கு மியூ தருவதாக அறிவித்தபோது, 78,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். மந்தமாகத் தொடங்கிய விற்பனை அதன் பிறகு சூடுபிடித்தது. அந்த முதல் தலைமுறை கேம்கள் உலகம் முழுக்க 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன.

ரகசியம், வதந்தி, சரிபார்ப்பு, பகிர்வு. செவியஸ் கோபுரத்தை எழுதி விற்ற அதே சூத்திரம். இந்த முறை ரகசியத்தை ஒளித்து வைத்ததும் அவர்களே.

இங்கே என்ன நடந்தது?

இந்தியாவில் 1984-85-ல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டம் 250 பள்ளிகளில் பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொண்டுபோய் வைத்தது. ஆனால் நம்மில் பெரும்பாலானோர் வீடியோ கேமைப் பார்த்தது கணினியில் அல்ல, டிவியில் செருகும் மலிவான பெட்டியில்தான். ஃபேமிகாமைப் பார்த்து நகலெடுத்த பெட்டிகள் அவை. மஞ்சள் கலர் கேசட்டில் '9999999 இன் 1' என்று போட்டிருக்கும், உள்ளே நாலைந்து கேம்கள்தான் உருப்படியாக இருக்கும். கையேடு கிடையாது. இருந்தாலும் 'கான்ட்ரா'வில் 30 உயிர் எடுக்க மேல், மேல், கீழ், கீழ் என்று தட்ட வேண்டும் என்பது எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. யார் சொன்னது? லீவுக்கு வந்த யாரோ ஒரு அண்ணன்.

பிறகு கணினி வந்தது. 2001-ல் தொடங்கிய 'டிஜிட்' போன்ற கணினி இதழ்களோடு சிடி இலவசமாக வரும். இதழைப் படித்தார்களோ இல்லையோ, அந்த சிடியில் இருக்கும் கேம் டெமோவுக்காகவே வாங்கியவர்கள் நிறைய. டயல்-அப் இணைப்பில் அந்த டெமோவை இறக்கினால் ராத்திரி முழுக்க ஓடும். டிஜிட் குழுவிலிருந்தே 'ஸ்கோர்' என்ற பெயரில் கேம்களுக்கென்று தனி இதழும் வந்தது. ஆனால் இவையெல்லாம் நிறுவனங்கள் நடத்தியவை, ஆங்கிலத்தில் வந்தவை.

அப்படியானால் நம் ஊரில் ரசிகர் இதழே இல்லையா? என் பார்வையில், இருந்தது. அதை யாரும் இதழ் என்று சொல்லவில்லை.

'ஜிடிஏ வைஸ் சிட்டி' காலத்தை நினைத்துப் பாருங்கள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சீட் கோடுகள் எழுதி வைத்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? டாங்க் வரவழைக்க 'பேன்சர்'. போலீஸ் தொல்லை தீர 'லீவ் மீ அலோன்'. பிரவுசிங் சென்டரில் ஒருவன் பிரின்ட் எடுப்பான், அதை அடுத்தவன் ஜெராக்ஸ் எடுப்பான், அதைப் பார்த்து ஒருவன் கையால் எழுதுவான், எழுதும்போது தப்பு விழும், தப்பைச் சரிசெய்து இன்னொருவன் ஓரத்தில் குறிப்பு எழுதுவான். தஜிரி செய்ததும் இதுதான். வித்தியாசம், அவர் அதற்கு ஒரு பெயர் வைத்தார், விலை போட்டார், அடுத்த இதழ் எப்போது என்று சொன்னார். கடையில் வைத்ததால், யாரென்றே தெரியாத ஒரு சுகிமோரி அதைப் பார்த்து வந்து சேர முடிந்தது. நம் நோட்டுகள் வகுப்பறையைத் தாண்டவில்லை. என்னுடையது பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு பழைய பேப்பர்காரரிடம் போனது. கிலோ என்ன விலை போட்டார் என்று நினைவில்லை.

அழிந்தால் என்ன நஷ்டம்?

'பழைய கேம் குறிப்புகள்தானே, போனால் போகட்டும்' என்று தோன்றலாம். சில எண்களைப் பாருங்கள்.

அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று சட்டபூர்வமாக வாங்கக் கிடைக்காது என்று 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அதாவது, எட்டில் ஏழு. கேமே கிடைக்காதபோது, அது எப்படி இருந்தது, மக்கள் அதை எப்படி ஆடினார்கள் என்பதற்கு இதழ்கள்தான் சாட்சி. பழைய கேம்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே ஆடிப் பார்க்க நூலகங்கள் அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையை 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் நிராகரித்துவிட்டது. அதனால் காகிதத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது. 2025 ஜனவரியில் அதே அமைப்பு 1,500-க்கும் மேற்பட்ட பழைய கேம் இதழ்களை டிஜிட்டல் நூலகமாகத் திறந்தது.

'டிஜிட்டலில் இருந்தால் பத்திரம்' என்பதும் மாயை. 1991 முதல் வந்த 'கேம் இன்ஃபார்மர்' இதழை அதன் உரிமையாளர் 2024 ஆகஸ்ட் 2 அன்று மூடியபோது, இணையத்தில் இருந்த அத்தனை ஆண்டுக் கட்டுரைகளும் ஒரே நாளில் மறைந்தன. மிஞ்சியது ஒரு பிரியாவிடைக் குறிப்பு மட்டும். 2025 மார்ச்சில் புதிய உரிமையாளரிடம் இதழ் திரும்பி வந்தது என்பது அதிர்ஷ்டம். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

இந்தியாவில் 1954-ம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, அச்சாகும் நூல்களின் பிரதிகள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்குப் போக வேண்டும். ஆனால் ஜெராக்ஸ் இதழையும் சீட் கோடு நோட்டையும் எந்த நூலகத்துக்கு யார் அனுப்புவார்கள்? திருவனந்தபுரம் பாளையத்தில் 1829-ல் தொடங்கிய பொது நூலகம் நாட்டின் மிகப் பழைய பொது நூலகங்களில் ஒன்று. அப்படிப்பட்ட இடங்களுக்குக்கூட இந்த வகைக் காகிதம் தானாக வந்து சேராது. ஒருவர் எடுத்து வைத்தால்தான் உண்டு.

எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே நல்ல உதாரணம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்தவற்றில் இலக்கிய நூல்கள் மட்டும் இல்லை. சினிமாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ் என்று ஊர் குப்பை என்று ஒதுக்கியதெல்லாம் இருந்தது. இன்று சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆய்வாளர்கள் வருகிறார்கள்.

கேம் உலகிலும் இதே கதை உண்டு. 1991-ல் அமெரிக்காவில் ஜோ சாண்டுல்லியும் நண்பரும் தொடங்கிய 'டிஜிட்டல் பிரஸ்' ஒரு ரசிகர் இதழ்தான். அந்த வட்டத்திலிருந்து பழைய கேம் ரசிகர்களின் கண்காட்சி உருவானது. 2016-ல் டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் 'நேஷனல் வீடியோகேம் மியூசியம்' திறக்கப்பட்டபோது, அதன் நிறுவனர்கள் மூவரில் சாண்டுல்லியும் ஒருவர். ஜப்பானில் ரசிகர் இதழ் கம்பெனி ஆனது, அமெரிக்காவில் அருங்காட்சியகம் ஆனது.

ஒரே பார்வையில்

1930: அறிவியல் புனைகதை ரசிகர் இதழ் 'தி காமெட்' வெளியானது.
1975: ஜப்பானில் 'காமிக் மார்க்கெட்' தொடங்கியது.
1983: தஜிரியின் 'கேம் ஃப்ரீக்' கையெழுத்து இதழ்.
1986: இதழ் நின்றது.
1989: அதே பெயரில் நிறுவனம், முதல் கேம் 'குவின்டி'.
1996: 'போக்கிமான் ரெட்', 'கிரீன்' ஜப்பானில் வெளியீடு.
2016: 'போக்கிமான் கோ' உலகச் சந்தைக்கு ஜூலையிலும், அதிகாரபூர்வமாக இந்தியாவுக்கு டிசம்பரிலும் வந்தது.

இனி நாம் என்ன செய்யலாம்?

'எல்லாரும் இதழ் நடத்தினால் எல்லாரும் போக்கிமான் செய்துவிடுவார்களா?' என்று கேட்டால், மாட்டார்கள். ஜப்பானில் அந்தக் காலத்தில் வந்த எத்தனையோ ரசிகர் இதழ்களில் ஒன்றுதான் இப்படி ஆனது. ஒரு வெற்றியை வைத்துச் சூத்திரம் போடுவது தப்பு. டேட்டா வேலை பார்ப்பவள் என்ற முறையில் அதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் தஜிரியின் கதையில் வெற்றி தோல்வியைத் தாண்டி ஒரு விஷயம் நிற்கிறது. ஆடுகிறவருக்கும் செய்கிறவருக்கும் நடுவே எழுதுகிறவர் என்று ஒரு படி இருக்கிறது. ஒரு கேம் ஏன் பிடித்தது, எங்கே சொதப்பியது என்று வாக்கியமாக எழுத உட்காரும்போதுதான் அதன் உள்கட்டமைப்பு கண்ணுக்குத் தெரியும். தஜிரி குழு நிரல் கற்றுக்கொண்டது அதன் பிறகுதான். நம் ஊரில் முதல் படியிலும் மூன்றாம் படியிலும் ஆள் இருக்கிறார்கள். நடுப் படி காலி. கேம் என்றாலே அடிமையாதல், ஆன்லைன் சூதாட்டச் சட்டம் என்ற இரண்டு கோணத்தில்தான் பெரும்பாலும் செய்தி போடுகிறோம். அதில் என் தொழிலுக்கும் பங்கு உண்டு.

திருவனந்தபுரத்தைத் தலைமையகமாகக் கொண்ட கேரள அரசின் 'கைட்' அமைப்பு 2018 முதல் நடத்தும் 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 'ஸ்கிராட்ச்' வைத்துச் சின்னச் சின்ன கேம்கள் செய்கிறார்கள். டிஜிட்டல் மாசிகையும் போடுகிறார்கள். ஒரே பிள்ளை இரண்டையும் செய்கிற இடம் அது. அந்த மாசிகையில் 'நான் செய்த கேம் ஏன் சரியாக வரவில்லை' என்று ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால், கேம் ஃப்ரீக் அங்கேயே தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

செலவும் பெரிதில்லை. ஒரு ஏ4 தாளை மடித்தால் நான்கு பக்கம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு கேம் போதும். தேதியும் இதழ் எண்ணும் போடுங்கள். ஒரு பிரதியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். சந்தாவோடு, செய்தி தாங்கிய முறையான பருவ இதழாக வளர்க்க நினைத்தால் மட்டும், 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பருவ இதழ்கள் பதிவுச் சட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு கேம். கனடாவில் இருக்கும் 'விசை கேம்ஸ்' 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா'. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன ஒரு அம்மாவின் கதை. 2024-ல் சுயாதீன கேம் விழாவின் முதன்மைப் பரிசையும், அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதையும் வாங்கியது. அதில் ஆடுகிறவரின் வேலை என்ன தெரியுமா? அம்மாவின் பழைய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, மை அழிந்து கிடக்கும். விட்டுப்போன வரிகளை யோசித்து யோசித்து நிரப்பி, இட்லியும் பிரியாணியும் சமைக்க வேண்டும்.

அந்த நோட்டை யாரோ ஒருத்தி எழுதி வைத்திருந்தாள். இன்னொருத்தி தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். அதனால்தான் அங்கே ஒரு கேம் இருக்கிறது. வீட்டுப் பரணில் உங்கள் பழைய கணக்கு நோட்டு இன்னும் இருந்தால், கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள்.